டேங்குக்குள் கிடந்த ஆறு

2024 பிப்ரவரி. மணி நாலுகூட ஆகவில்லை, போன் அடித்தது.

"அண்ணாச்சி, வண்டி நின்னுட்டு. செய்துங்கநல்லூர் தாண்டி நிக்கேன். செல்ஃப் நல்லா சுத்துது, எடுக்க மாட்டேங்கு."

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தம்பி. பொலேரோ பிக்கப் வைத்து வாழைத்தார் ஓட்டுகிறவர். ஆற்றங்கரை வாழையெல்லாம் வெள்ளத்தில் சாய்ந்துவிட்டதால் அந்தச் சமயம் களக்காட்டுக்குப் போய்த் தார் ஏற்றி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறார். நல்லவேளையாகக் காலி வண்டி.

இந்த மாதிரி போன் வந்தால் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். நிற்பதற்கு முன்னால் இழுவை குறைந்ததா? கடைசியாக டீசல் எங்கே போட்டீர்கள்? மூன்றாவது கேள்வி அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தது: வெள்ளத்தன்று வண்டி எங்கே நின்றது?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. "பத்து நாளா புளியரை எஸ் வளைவுல மூச்சு வாங்குச்சு அண்ணாச்சி. ஒண்ணாங்கியர் போட்டாத்தான் ஏறுச்சு. லோடு கூடுதல்னு நினைச்சேன்." டீசல் எப்போதும் போடுகிற பங்கில்தான் போட்டிருக்கிறார். மூன்றாவதற்குக் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "வாசல்லதான் நின்னுச்சு. பானெட் மேல வரைக்கும் தண்ணி. ரெண்டு நாளு."

கட்டி இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன். தெரிந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் கயிறு போட்டு, எட்டு மணிக்குள் வண்ணாரப்பேட்டை பைபாஸில் இருக்கிற என் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் சுற்றிலும் தண்ணீராக நின்றார்கள். ஏரல் கடைவீதி முங்கியது. திருநெல்வேலி ஜங்ஷனில் வெள்ளம் புகுந்தது. தாமிரபரணி எங்களுக்குச் சோறு போடுகிற ஆறு. அது வீட்டுக்குள் வந்து நின்றபோது கோபப்படக்கூட யாருக்கும் தோன்றவில்லை, திகைப்புத்தான்.

மெக்கானிக்குகளுக்கு அந்த வெள்ளம் மூன்று தடவையாக வந்தது. முதல் தடவை, தண்ணீர் வடிந்த வாரத்திலேயே. ஏர் பில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். தெரியாமல் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும், தண்ணீர் அழுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வளைந்த ராடுகள் என் ஷெட் மூலையில் குவிந்து கிடந்தன. இரண்டாவது தடவை பொங்கலை ஒட்டி: வீல் பேரிங், கிளட்ச் பிளேட், ஆல்டர்னேட்டர். மூன்றாவது தடவை தை கடைசியில், எல்லோரும் வெள்ளத்தை மறந்து தொழிலைப் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்தது. பம்புகள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. அந்த வரிசையில் இந்தத் தம்பியின் வண்டி எனக்கு நான்காவது.

இத்தனை தெரிந்திருந்தும், வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் பம்பைக் கழற்ற நான் ஸ்பானரை எடுக்கவில்லை. அதற்குக் காரணம் என் மேஸ்திரி.

1991-ல் நான் அவரிடம் கைப்பையனாக இருந்தேன். மாஞ்சோலைக்கு ரேஷன் சாமான் ஏற்றிப் போன டாடா பிக்கப் ஒன்று மலைப்பாதையில் நின்றுவிட்டது. பம்ப் போய்விட்டது என்று யாரோ பார்த்துச் சொல்லி, வேறு பம்பும் வாங்கி வைத்துவிட்டார்கள். மாட்டிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறினோம். புதுப் பம்ப் சாக்குக்குள் என் மடியில். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாகப் போகும் அந்தப் பாதையில் வண்டி நின்ற இடத்தில் இறங்கினோம்.

மேஸ்திரி பம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு குளுக்கோஸ் ட்யூப் எடுத்தார். ஆஸ்பத்திரியில் பாட்டிலிலிருந்து கைக்கு இறங்குமே, அதுதான். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் இருந்த ஹோஸைக் கழற்றி அந்த ட்யூப்பைச் செருகினார். என்னைக் கைப்பம்ப் அடிக்கச் சொன்னார். ட்யூப்புக்குள் டீசல் வந்தது, அதோடு பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகக் காற்றுக் குமிழ்களும் வந்தன. டேங்கிலிருந்து ஒவ்வொரு மூட்டாக ஈரத்துணி சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கிளிப்புக்கு அடியில் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. டீசல் வெளியே ஒழுகாது, ஆனால் பம்ப் உறிஞ்சும்போது காற்று உள்ளே போகும். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு ஹோஸை மாட்டினார். வண்டி எடுத்துக்கொண்டது.

"ஏலே, பம்பு கடைசி. டேங்குல இருந்து தொடங்கு," என்றார். புதுப் பம்பைச் சாக்கோடு திருப்பிக் கொடுத்தோம். எங்களுக்குக் கிடைத்தது பஸ் காசும் ஒரு நாள் கூலியும். பம்ப் மாட்டியிருந்தால் நாலு மடங்கு கிடைத்திருக்கும் என்று நான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். வயது அப்படி.

அந்தக் காலத்துப் பம்புகளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. வரிசைப் பம்ப் என்று நாங்கள் சொல்வது, சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வீதம் நெட்டுக்கு நிற்கும் பம்ப். ராபர்ட் பாஷ் கம்பெனி ஜெர்மனியில் 1927-ல் அதைத் தொடர்ச்சியாகச் செய்யத் தொடங்கியது. 1951-ல் பெங்களூரில் மைக்கோ வந்த பிறகு நம் நாட்டிலேயே கிடைத்தது. 2008-ல் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. எங்கள் ஷெட்டில் இன்னும் மைக்கோதான். லூகாஸ் டிவிஎஸ் செய்த உருண்டை வடிவ டிபிஏ பம்ப் டிராக்டர்களில் வந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் டிவிஎஸ் சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்த திருக்குறுங்குடி இங்கேதானே இருக்கிறது, களக்காட்டுக்கு அடுத்த ஊர் என்று மனசுக்குள் ஒரு பெருமை ஓடும்.

வரிசைப் பம்புக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வண்டிக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பம்புகள் பிழைக்கும் என்று நான் நம்புகிறேன். வரிசைப் பம்பின் அடிவயிற்றில், கேம் சுற்றுகிற இடத்தில், இன்ஜின் ஆயில் இருக்கும். மசகு வேலையை ஆயில் பார்த்துக்கொள்ளும். டீசலில் கொஞ்சம் அழுக்கோ தண்ணீரோ வந்தால் பிளஞ்சர் தேயும், ஆனால் பம்ப் ஒரேயடியாகச் செத்துவிடாது. உருண்டைப் பம்பிலும் சரி, இப்போதைய காமன் ரெயில் பம்பிலும் சரி, பெரும்பாலும் உள்ளே ஆயில் கிடையாது. அதற்குள் ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு. டீசலோடு தண்ணீர் வந்தால், ஓடுகிற எஃகுக்கு நடுவில் வழுவழுப்பே இல்லாமல் போகும். ராத்திரி வண்டி நின்றால் அந்த ஈரம் உள்ளேயே துருப்பிடிக்கும். காலையில் அந்தத் துருவை அரைத்துக்கொண்டு பம்ப் சுற்றும்.

முன்பு ரேஷன் மண்ணெண்ணெயை டீசலில் கலந்து ஓட்டியவர்களின் பம்புகள் போனதும் இதனால்தான். கலப்படத்தைக் கண்டுபிடிக்கவே அரசாங்கம் அந்த மண்ணெண்ணெயில் நீலச் சாயம் சேர்த்தது. ஆனால் சாயத்தைவிட பம்ப் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு கிடையாது.

டீசலும் மாறிவிட்டது. பிஎஸ்-3 காலத்தில் டீசலில் கந்தகம் 350 பிபிஎம் வரை இருக்கலாம். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க 50-க்கு இறக்கினார்கள், 2020 ஏப்ரலில் 10-க்கு. புகைக்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் அது மிக நல்ல காரியம். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் கொஞ்சம் போய்விடும் என்பதால் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கென்று மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பங்கிலிருந்து வருகிற டீசல் சரியாகத்தான் வருகிறது. அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மேஸ்திரி சொன்னதை நான் ஒரு தடவை மீறியிருக்கிறேன். 2009. சொந்தமாக ஷெட் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. உவரிப் பக்கத்திலிருந்து மீன் ஏற்றும் பிக்கப். உருண்டைப் பம்ப், பிரஷர் வரவில்லை. பம்ப் ரூமில் பழுது பார்த்த பம்பை வாங்கி மாட்டினேன். பிளேன்ஜில் உளியால் போட்ட குறியைச் சேர்த்து, டயல் கேஜ் வைத்து டைமிங் பார்த்து, கையில் வாட்ச் கட்டுகிற கவனத்தோடு செய்த வேலை. பதினோராம் நாள் வண்டி திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது. அதே பம்ப், அதே நோய்.

அப்புறம்தான் டேங்கைக் கழற்றினேன். மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் டேங்கின் மேல்தகட்டை ஊசி ஊசியாகத் தின்றிருந்தது. உள்ளே தட்டினால் துருச்செதில் உதிர்ந்தது. அத்தனை துருவும் நான் மாட்டிய பம்புக்குள்தான் போயிருக்கிறது. வண்டிக்காரர் கோபப்படவில்லை. "நீங்க பாத்துத்தான செஞ்சிருப்பீய," என்றார். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாவது பம்புக்கு நானே காசு கொடுத்தேன். வீட்டுச் சீட்டுப் பணம் அதற்குப் போனது. அதற்கப்புறம் டேங்கைப் பார்க்காமல் நான் ஒரு பம்பும் மாட்டியதில்லை.

தம்பியின் வண்டிக்கு வருகிறேன்.

முதலில் பில்டரின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். பாதி டம்ளர் தண்ணீர். மேலே டீசல், நடுவில் தண்ணீர், அடியில் செம்பழுப்பாக நூல் கனத்துக்கு வண்டல். தம்பி அதைப் பார்த்தார். எங்கள் பக்கத்து மண் அது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா.

இரண்டாவது, ஸ்கேனரை மாட்டிச் செல்ஃப் அடித்தேன். காமன் ரெயில் வண்டியில் பம்ப் தள்ளுகிற டீசல் ஒரு தடித்த குழாயில் அழுத்தத்தோடு காத்திருக்கும், கம்ப்யூட்டர் சொல்கிற நேரத்தில் நாசில் திறக்கும். அந்தக் குழாய்தான் ரெயில். அதில் அழுத்தம் 200 பாரை நெருங்கினால்தான் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கவே விடும். இந்த வண்டியில் 60, 65, திரும்ப 60. அதற்கு மேல் ஏறவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அழுத்தம் வராததற்குப் பம்ப் மட்டும் காரணம் இல்லை. டீசல் பம்புக்கு வந்து சேராமல் இருக்கலாம். வந்து சேர்ந்தது ஏதாவது நாசில் வழியாகக் கசிந்து டேங்குக்கே திரும்பலாம். அதனால் மூன்றாவதாக, ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, உயரத்தில் வைத்து, நேராகப் பம்பின் வாயில் ஹோஸைக் கொடுத்தேன். டேங்கும் லைனும் பில்டரும் இப்போது கணக்கிலேயே இல்லை. அப்போதும் 65. நான்காவதாக, நாலு நாசில்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி நாலு சிறு பாட்டில்களில் விட்டுச் செல்ஃப் அடித்தோம். ஏதாவது ஒரு பாட்டிலில் மட்டும் அதிகம் சேர்ந்தால் அந்த நாசில்தான் குற்றவாளி. நாலிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவு.

ஐந்தாவதுதான் பம்ப். அதன் மேல் இருக்கிற அளவு வால்வைக் கழற்றினேன். வால்வின் சிறு வலையில் வெள்ளிப் பொடி தூவின மாதிரி மினுக்கியது. விரலில் தேய்த்து வெயிலில் காட்டினேன். பம்ப் தன்னையே அரைத்துத் தின்றிருக்கிறது.

"இனி இது ஆகாது தம்பி," என்றேன். அதைச் சொல்லும்போது மணி பதினொன்று.

பானெட் வரைக்கும் தண்ணீர் நின்ற வண்டியை அவர் சும்மா எடுத்துவிடவில்லை. இன்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறார், ஏர் பில்டர் மாற்றியிருக்கிறார், ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காயவைத்திருக்கிறார். டேங்கின் அடித்திருகைத் திறந்து, தண்ணீர் போய் டீசல் வரும்வரை விட்டு, மூடியிருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் டேங்குக்குள் டீசல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும், அடித்தட்டில் பள்ளமும் மேடும் இருக்கும். அந்தப் பள்ளங்களில் நின்ற தண்ணீர் திருகு வழியாக வருவதில்லை.

டேங்கை இறக்கினோம். டீசலைப் பேரலில் விட்டுத் தெளியவைத்தோம். கைவிட்டுத் துழாவியபோது அடியில் களிமண் குழைவு. உறிஞ்சு குழாயின் சல்லடையில் கறுப்பாக வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற எல்லையில் வளர்கிற நுண்ணுயிர் அது. தண்ணீர் இல்லாத டேங்கில் அது வளராது. இரண்டு மாதத்தில் இந்த டேங்குக்குள் பாசி பிடித்திருந்தது.

பில்டர் ஏன் இதைத் தடுக்கவில்லை என்று தம்பி கேட்டார். சரியான கேள்வி. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பம்புக்குள் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இருக்கிற இடைவெளி 2, 3 மைக்ரான். நல்ல பில்டர் 5 மைக்ரான் அளவு துகளைப் பிடிக்கும். களிமண் துகள் என்பது 2 மைக்ரானுக்கும் குறைவு. வாழைக்கு உரமாகிற அந்த நைப்பான வண்டல் பில்டர் தாளைக் கடந்து போகும், அதோடு தண்ணீரும் சேர்ந்தால் பம்புக்குள் சாணைக்கல் மாவாகிவிடும். இதைச் சொன்னபோது அவர் டம்ளரை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய இரும்புக் கடையில் கழற்றின பம்ப் கிடைக்குமா என்று கேட்டார். அதைக் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குத்தகை நிலத்தில் போட்ட ஆயிரத்துச் சொச்சம் வாழையும் போய், வண்டிக்குத் தவணையும் நிற்கிற மனுஷன் வேறு எதைக் கேட்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த வெள்ளத்தில் கிடந்த வண்டியிலிருந்து கழற்றினார்களோ, யாருக்குத் தெரியும். புதுப் பம்புக்கே சொன்னேன். என் கூலியை அறுவடைக்கு அப்புறம் தரலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பம்ப் வர இரண்டு நாள் ஆகும். உலோகப் பொடி ரெயில்வரைக்கும் போயிருக்கும், அதனால் நாலு நாசிலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினேன். மூன்று தேறின. ஒன்றின் ஊசி கீறியிருந்தது, மாற்றினோம். ரெயிலைக் கழுவினோம். டேங்கை டீசலிலேயே மூன்று தடவை அலசி, வெயிலில் கவிழ்த்தோம். தண்ணீரில் கழுவக் கூடாது என்று பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. லைன்களை டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும், ரிட்டர்ன் லைனையும் சேர்த்து, காற்றால் ஊதினோம். ரிட்டர்ன் லைனைப் பலரும் மறந்துவிடுவார்கள். பழைய பம்பின் பொடி அதற்குள் கிடக்கும், மறுபடி டேங்குக்கு வரும், மறுபடி சுற்றும். உயர் அழுத்தக் குழாய்களைத் திரும்ப மாட்டாமல் புதிதாக வாங்கினேன். ஒருமுறை இறுகின முனை மறுமுறை அதேபோல் உட்காராது.

பம்ப் வந்த அன்று ஷெட்டில் தூசி வேலை எதையும் தொடவில்லை. காலையில் தரையில் தண்ணீர் தெளித்து, கிரைண்டரை நிறுத்திவைத்தோம். ஆனி, ஆடி மாதமாக இருந்தால் நான் அன்றைக்கு மாட்டியே இருக்க மாட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கத்தில் எதையும் மூடிவைக்க விடாது. காற்று விழுந்த பிறகு, ராத்திரியில்தான் அந்த மாதங்களில் பம்ப் வேலை. என் மேஸ்திரி காட்டன் வேஸ்ட்டைப் பம்ப் பக்கத்தில் அண்டவிட மாட்டார், நூல் உதிரும் என்று. பெஞ்சில் விரிக்க துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி ஒன்று தனியாக வைத்திருந்தார். நானும் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன்.

மாட்டுகிற வேலை அரை மணி நேரம்தான். கியரைப் புல்லர் போட்டுப் பழைய பம்பிலிருந்து எடுத்து, கூம்புத் தண்டைத் துடைத்து, சாவி சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, புது ஓ-ரிங்கில் டீசல் தடவி, பம்பை நேராக உள்ளே விட்டு, மூன்று போல்ட்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும். உருண்டைப் பம்ப் மாதிரி டயல் கேஜ் வைத்து டைமிங் பிடிக்க வேண்டியதில்லை. எப்போது தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. டயல் கேஜ் முள் அரை மில்லிமீட்டருக்கு நகர்வதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த தலைமுறைக்கு அந்த வேலை கையிலிருந்து போனது வருத்தம்தான்.

பம்பின் வாயில் சுத்தமான டீசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி நிரப்பினேன். காய்ந்த பம்பைச் சுற்றவிட்டால் முதல் பத்து நொடியிலேயே அதன் ஆயுசில் பாதி போய்விடும். புது பில்டர், அதையும் நிரப்பி. பிறகு கைப்பம்பை அமுக்கச் சொன்னேன், பையன் அமுக்கிக்கொண்டே இருந்தான். நான் குளுக்கோஸ் ட்யூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், இன்னும் அதேதான். குமிழ் பெரிதாக வந்து, சிறிதாகி, நூலாகி, நின்றது. ட்யூப்புக்குள் டீசல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவு.

உயர் அழுத்தப் பக்கத்தில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழக்கம் பழைய வண்டிகளுக்கு உரியது. காமன் ரெயிலில் இன்ஜின் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது. ரெயிலுக்குள் ஆயிரம் பாருக்கு மேல் போகும். விரல்நகம் அளவு இடத்தில் ஒரு டன் எடையை நிறுத்துவதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத ஊசியாக டீசல் பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலிகூட முதலில் இருக்காது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி விரல் நுனியை இழந்தார். "சும்மா குத்தின மாதிரி இருக்கு"ன்னு டீ குடிக்கப் போனார், மறுநாள் கை வீங்கி ஆஸ்பத்திரி. அதனால் என் ஷெட்டில் கசிவு பார்க்க அட்டைத் துண்டுதான், கை கிடையாது. டீசல் தோலுக்குள் போனதாகச் சந்தேகம் வந்தாலே அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பத்து நொடி செல்ஃப், ஒரு நிமிஷம் ஓய்வு. ஸ்கேனரில் எண் ஏறியது. 40. 90. ஓய்வு. 130. ஓய்வு. 190, 240, அந்த இடத்தில் ஒரு சிலிண்டர் இருமியது, அடுத்தது சேர்ந்தது, நாலும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

இருபது நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு, அட்டையை எல்லா மூட்டுகளிலும் காட்டி, தாழையூத்து வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். 500 கிலோமீட்டரில் கட்டாயம் வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பில்டர் திருகைத் திறந்து டம்ளரில் பார்க்கச் சொன்னேன். அந்த டம்ளரையே கொடுத்தனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் வந்தார். பில்டரைக் கழற்றி, கூட்டை வாளால் அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத் தாளை வேட்டி விரித்த பெஞ்சில் நீளமாகப் பிரித்தேன். வெயில் சாய்வாக விழும்படி பிடித்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தோம். லேசான பழுப்பு இருந்தது. மினுக்கம் எங்கும் இல்லை. பையனுக்கும் காட்டினேன். இன்னொரு புது பில்டர் போட்டு அனுப்பினேன். அப்போதுதான் முழு லோடு ஏற்றலாம் என்று சொன்னேன்.

மறுநாள் ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன். பின்னால் லாரிகள் முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, தூங்கிட்டீயளா? எஸ் வளைவு மேல நிக்கேன். ஃபுல் தாரு. ரெண்டாங்கியர்லயே ஏறிட்டு."

"ஓரமா நிறுத்தி அட்டையை ஒருக்க காட்டிப் பாத்துட்டுப் போங்க தம்பி," என்றேன்.

"பாத்தாச்சு அண்ணாச்சி. காஞ்சு கிடக்கு."